பத்துக்குச் சைபர்

கழக்கூட்டத்தில் ஐ.டி. வளாகத்தைத் தாண்டியதும் நெடுஞ்சாலையை ஒட்டி ஓர்மவிஹார் (ஓர்மை என்றால் ஞாபகம்) என்றொரு மறதி நோய்ப் பராமரிப்பு மையம் இருக்கிறது. அங்கே யாருக்கும் வலி கிடையாது. இது என் அபிப்பிராயம் அல்ல. வரவேற்பறையில் நுழைந்ததும் கண்ணில் படும்படி பலகை வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலைகளில் விபத்தில்லாத நாட்களை எண்ணி எழுதி வைப்பார்களே, அந்த மாதிரி. ‘வலியற்ற நாட்கள்: 1,104.’ பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்த காவலாளி நீலகண்டன் தினமும் காலை எட்டு மணிக்கு விறைப்பாக நடந்து வந்து கடைசி எண்ணை மாற்றிவிட்டு, மறுபடி விறைப்பாகத் தன் வாசலுக்குப் போவார்.

நெல்லையப்பன் தன் மனைவி பொன்னம்மையைக் கொண்டுவந்து சேர்த்த அன்று இந்தப் பலகையைப் படித்துக் கண் கலங்கினார். கலங்கக்கூடியவர்தான். சாலைக் கம்போளக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் நாற்பத்தோரு வருஷம் சேலை விரித்துப் போட்டவர். வருகிற பெண்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே, கண் எந்த அடுக்கில் நிற்கிறது, விரல் எந்த முந்தானையில் தயங்குகிறது என்று பார்த்து, வேண்டிய சேலையை எடுத்துப் போட்டுவிடுவார். எழுத்துக் காரியம் அவருக்கு வராது. அதெல்லாம் டீச்சர் பாடு.

டீச்சர் என்றால் பொன்னம்மைதான். தமிழ் வழிப் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் கணக்கு எடுத்தவள். வீட்டிலும் நெல்லையப்பன் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார். அவளிடம் இரண்டு சட்டங்கள் உண்டு. விடை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது. சிவப்பு மையில் ‘செய்முறை எங்கே?’ என்று எழுதி அடிக்கோடு போடுவாள். நோட்டைத் தாமதமாகக் கொடுத்தால் வாரத்துக்கு ஒரு மார்க் போய்விடும். நாலு வருஷமாக மற்றதெல்லாம் அவளைவிட்டு ஒவ்வொன்றாகப் போயின. கணவன் பெயர் போயிற்று, மகன் முகம் போயிற்று. மார்க் போடுவது மட்டும் போகவில்லை. தோசைக்கு ஆறு, மின்விசிறிக்கு மூன்று, பக்கத்து வீட்டு நாய்க்கு எட்டு. ஒருநாள் மணி அடித்துவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அட்டக்குளங்கரை சந்திப்பில் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றபிறகுதான் மகன் உமாசங்கர் இந்த மையத்தைத் தேடிப் பிடித்தான். அவன் ஆபீஸிலிருந்து இரண்டு கிலோமீட்டர். தவிர, அம்மாவின் நிலவரம் தினமும் மாலை ஆறு மணிக்குப் போனில் வந்துவிடும். சேர்ப்புப் படிவத்தில் கையெழுத்தும் அவனே போட்டான்.

மூன்று மாதம் நன்றாகத்தான் போயிற்று. நெல்லையப்பன் தினமும் இரண்டு பஸ் மாறி வந்து, காலை பத்திலிருந்து நாலு வரை கூட இருந்தார். பிறகு ஒரு திங்கட்கிழமை, டீச்சர் கஞ்சிக் கரண்டியைத் தட்டிவிட்டாள். செவ்வாய்க்கிழமை நர்ஸ் அஞ்சுவை அறைந்தாள். புதன்கிழமை முழுக்கக் கத்தினாள்.

நெல்லையப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார். கரண்டி வலது பக்கமாக வந்தால் முகத்தைத் திருப்புகிறாள். இடது பக்கமாக வந்தால் அடிக்கிறாள். அடித்துவிட்டு இடது கன்னத்தைத் தலையணையில் வைத்து அழுத்திக்கொள்கிறாள். நாற்பத்தோரு வருஷத் தொழில், இதைக் கண்டுபிடிக்க அவருக்கு அரைநாள் ஆகவில்லை.

“பிள்ளே, டீச்சருக்கு எடது பக்கம் கடவாப்பல்லு வலிக்கு. கொஞ்சம் வாயைத் திறந்து பாக்கணும்” என்றார்.

அஞ்சு பாறசாலைக்காரி. தமிழையும் மலையாளத்தையும் ஒரே மூச்சில் பேசுவாள், நல்ல பெண். “அங்கிளே, அம்மைக்கு வலி இல்லல்லோ. ராவிலே கேட்டு எழுதியாச்சு” என்று படிவத்தைக் காட்டினாள்.

வலி அறியும் சடங்கு ஓர்மவிஹாரில் இப்படி நடக்கும். காலை ஏழு மணிக்கு நர்ஸ் ஒரு அட்டையோடு வருவாள். அட்டையில் சிரிப்பிலிருந்து அழுகை வரை ஆறு முகங்கள். ‘பூஜ்யம் முதல் பத்து வரை எத்தனை?’ என்று நோயாளியிடம் கேட்க வேண்டும். நோயாளி தன் வாயால் சொல்வதுதான் எண். நர்ஸ் ஊகிக்கக் கூடாது, உறவினர் சொல்லித்தரக் கூடாது. தன் பெயரே தெரியாதவர்கள் தொண்ணூறு பேர் இருக்கும் கட்டடத்தில் இந்த விதியை யார் எழுதினார்கள் என்று தெரியவில்லை. நல்ல காகிதத்தில் அச்சடித்திருந்தார்கள்.

மறுநாள் நெல்லையப்பன் ஏழு மணிக்கே வந்து பக்கத்தில் நின்றார். அஞ்சு அட்டையை நீட்டிக் கேட்டாள். டீச்சர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அஞ்சுவை மேலும் கீழும் பார்த்தாள்.

“கேள்வியே தப்பு. சைபர். உக்காரு” என்றாள்.

அஞ்சு சைபர் என்று எழுதினாள்.

“அது வலிக்குச் சொன்னது இல்ல பிள்ளே. உனக்கு மார்க்கு போட்டிருக்கா.”

“எனக்கு ஸீரோவா?” அஞ்சுவின் முகம் வாடிவிட்டது. “நான் அம்மையை எத்தறை நல்லா நோக்குன்னு. போகட்டும் அங்கிளே, ஃபார்மில் இதுதான் எழுத முடியும். நம்பர் மூணுக்கு மேலே வந்நாத்தான் மருந்து தருவா.”

வலி சைபர் என்றால் வலி மாத்திரை கிடையாது. வலி சைபராக இருந்தும் ஒருவர் கத்தினால் அது நடத்தை. நடத்தைக்குத் தனிப் படிவம்: கத்துதல், அடித்தல், துப்புதல், உணவு மறுத்தல் என்று எட்டுக் கட்டங்கள். டீச்சர் முதல் வாரத்திலேயே பதினேழு மதிப்பெண் எடுத்தாள். அதற்கு ‘சாந்தி மாத்திரை’ என்று அங்கே சொல்லப்படுகிற ஒன்றைக் கொடுத்தார்கள். குடித்தால் தூக்கம் வரும். தூக்கத்தில் கன்னம் வலிக்கும், விழிப்பாள், கத்துவாள், கட்டத்தில் ஒரு கோடு விழும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், டீச்சரின் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் சர்வீஸ் ரோட்டுக்கு எதிர்ப்புறம் ஒரு பல் கிளினிக் தெரியும். மாடி உயரத்துக்கு ஒரு கடைவாய்ப்பல்லை வரைந்து, அதற்குக் கண்ணும் சிரிப்பும் வைத்திருந்தார்கள். நடந்தால் மூன்று நிமிஷம். நெல்லையப்பன் அந்தப் பல்லைப் பார்த்துக்கொண்டே டீச்சரின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்.

வெளியே அழைத்துப் போக வெளிச்சீட்டு வேண்டும். நடத்தை மதிப்பெண் ஐந்துக்குக் கீழே என்று எழுதி, இயக்குநர் கையெழுத்தும் முத்திரையும் வைத்த தாள் இல்லாமல் நீலகண்டன் வாசலைத் திறக்க மாட்டார். உள்ளேயே பல் டாக்டரை வரவழைக்கலாமே என்று நெல்லையப்பன் இயக்குநரிடம் போய்க் கேட்டார்.

இயக்குநர் டாக்டர் அனந்தபத்மநாபன் ஸ்ரீவராகத்துக்காரர். பேச்சில் ஒருபோதும் மரியாதை குறையாது.

“உக்காருங்கோ. உங்க மனசு எனக்குப் புரியறது. ஆனா பாருங்கோ, வலின்னு ஒரு கம்ப்ளெயிண்ட் இருந்தா டாக்டரை விளிக்கலாம். பேஷன்ட்தான் கம்ப்ளெயிண்ட் தரணும்.”

“அவளுக்குச் சொல்லத் தெரியாது சார். அதுக்குத்தானே இங்க சேத்திருக்கு.”

“அப்போ அவா கம்ப்ளெயிண்ட் பண்ணினாலும் செல்லாது, கேட்டேளா. ஓர்மையில்லாதவா சொல்றதை நாம எப்படி நம்பறது?”

“சைபர்னு சொன்னா மட்டும் நம்புதிய?”

“அது நம்பராக்கும்” என்றார் இயக்குநர், மிகவும் பொறுமையாக. “முன்னே இங்கே பல்லுக்கு ஒரு டாக்டர் போஸ்ட் இருந்தது. மூணு வருஷமா வலியே பதிவாகலை. வலியே இல்லாத இடத்தில் அவர் உக்காந்து என்ன பண்றது? எடுத்துட்டோம். அதிலேருந்து வலி இன்னும் குறைஞ்சிருக்கு.”

நெல்லையப்பன் மகனைக் கூப்பிட்டார். “அப்பா, ஆப்ல பச்சைதானே காட்டுது. வலி ஸீரோன்னு டெய்லி வருதல்லோ. நீங்க சும்மா டென்ஷன் ஆகாதீங்க, அவங்க எக்ஸ்பர்ட்ஸ் இல்லையா” என்றான் உமாசங்கர். நல்ல பிள்ளைதான். பச்சையைப் பார்த்தால் நிம்மதியாகிவிடுகிற தொழிலில் இருந்தான்.

இரண்டாம் வாரம் நெல்லையப்பன் வேட்டி மடிப்பில் நாலு கிராம்பு கொண்டுவந்தார். பதினொரு மணிக்கு, அஞ்சு திரும்பி நின்ற நேரத்தில் ஒன்றைத் தன் பல்லில் கடித்து நசுக்கி, டீச்சரின் வாய்க்குள் விரலை விட்டு, அந்தப் பல்லில் வைத்து அழுத்தினார். அவள் அவர் விரலைக் கடித்தாள். அவர் விரலை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் உடம்பு தளர்ந்தது. ஒரு மணி நேரம் கத்தவில்லை. அவர் சட்டைப் பொத்தானுக்கு ஏழு மார்க் கொடுத்தாள். நெல்லையப்பன் ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டார். மறுநாளிலிருந்து தினமும் அதே நேரத்துக்கு ஒரு கிராம்பு.

தினமும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை டீச்சரின் நடத்தை சைபராக இறங்குவதை மையம் ஐந்தாம் நாள் கவனித்தது. பதினொரு மணிக்குத்தான் ஒலிபெருக்கியில் வீணை போடுவார்கள். உடனே ‘இசையால் அடங்கிய நடத்தை’ என்று ஒரு அறிக்கை தயாராயிற்று. வீணையை நாலு மணி நேரமாக நீட்டினார்கள். நெல்லையப்பனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது, ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிட்டார். வீணை இல்லை சார், கிராம்பு. பல்லுதான் என்பதற்கு இதைவிட என்ன வேணும் என்றார்.

பலன் இருந்தது. கிராம்பு ‘அனுமதியற்ற வெளிப்பொருள்’ என்று பதிவாகி, பார்வையாளர் நேரம் கண்ணாடித் தடுப்புக்கு அப்புறமாகப் பதினைந்து நிமிஷம் என்று குறைக்கப்பட்டது. வீணை தொடர்ந்தது. டீச்சர் நாலு மணி நேரமும் வீணையோடு சேர்ந்து கத்தினாள். கண்ணாடிக்கு அப்பால் அவள் வாய் திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டு, நெல்லையப்பன் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். அவர் தலைக்கு மேலே ‘உறவினர் துக்கத்துக்கு: ஆலோசனை அறை, 4 முதல் 4.30 வரை’ என்று எழுதியிருந்தது. மணி மூன்றேகால்.

முப்பதாம் நாள் நடத்தை மீளாய்வுக் குழு கூடியது. இயக்குநர் நடுவில், இரண்டு பக்கமும் பேசாத இருவர். டீச்சரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தாள் அஞ்சு. மேஜையில் டீச்சரின் ஒரு மாதப் படிவம் கிடந்தது. வலி என்ற பத்தியில் மேலிருந்து கீழே முப்பது சைபர்.

நெல்லையப்பனுக்கு அப்போதுதான் அது தோன்றியது. ஒரு கட்டு விடைத்தாளைப் பார்த்தால் டீச்சரின் கை சும்மா இராது. சட்டைப் பையில் எப்போதும் அவளுக்காக வைத்திருக்கும் சிவப்புப் பேனாவை எடுத்தார். படிவத்தை அவள் மடியில் வைத்து, “டீச்சர், ஒரு பேப்பர் திருத்தணும்” என்றார்.

அவள் தாளை நேராக்கினாள். மூக்குக் கண்ணாடியைத் தேடுவதுபோல் மூக்கைத் தொட்டுக்கொண்டாள். பிறகு முதல் சைபரைப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள். சைபரின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டாள். அடுத்ததைப் பார்த்தாள், கன்னத்தைத் தொட்டாள், போட்டாள். முப்பதையும் ஒன்றுகூட விடாமல் பார்த்துத்தான் அடித்தாள். அவசரப்படவில்லை. அடியில், வரி கோணாமல், ‘செய்முறை எங்கே?’ என்று எழுதி இரண்டு கோடு போட்டாள்.

அஞ்சு வாயைப் பொத்திக்கொண்டாள். நெல்லையப்பன் மூவரையும் பார்த்துக் கைகூப்பி, “அவளே சொல்லிட்டா சார்” என்றார்.

இயக்குநர் தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “இது ஒரிஜினல் ரெக்கார்டாச்சே” என்றார்.

எட்டுக் கட்டங்களில் இதற்கு இடம் இல்லாமல் இருந்தது. அன்றே, இருபது நிமிஷத்தில், ‘ஆவணச் சேதம்’ என்று ஒன்பதாவது கட்டம் உண்டாக்கப்பட்டு, டீச்சருக்கு அதில் முப்பது மதிப்பெண் விழுந்தது. சாந்தி மாத்திரை இரட்டிப்பாயிற்று. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான்.

இரட்டை மாத்திரை வேலை செய்தது. டீச்சர் கத்துவதை நிறுத்தினாள். அடிப்பதை நிறுத்தினாள். மார்க் போடுவதையும் நிறுத்தினாள். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அவளுக்குப் பல் இருக்கும்போதே சொல் போயிற்று. கன்னம் மட்டும் நாளுக்கு நாள் வீங்கியது. இடது கண்ணோரம் ஈரமாகவே இருந்தது. மதிப்பெண் சைபருக்கு வந்ததும் நெல்லையப்பன் வெளிச்சீட்டுக்கு எழுதிக் கொடுத்தார். பதில் மறுநாளே வந்தது. நோயாளி இவ்வளவு அமைதியாக இருக்கும்போது வெளியே கொண்டுபோக அவசியம் என்ன?

வலியற்ற நாட்கள் 1,239 என்று பலகை காட்டிய அன்று, தரச் சான்றிதழ் தருகிற குழு ஒன்று வெளியூரிலிருந்து வந்தது. கீழ்த்தள மண்டபத்தில் விழா. ‘இம்மாதத்தின் சாந்த விருந்தினர்’ என்ற விருது பொன்னம்மைக்கு. அவளுக்குப் பட்டு உடுத்தி, பூ வைத்து, நாற்காலியோடு மேடையில் ஏற்றியிருந்தார்கள். தலை ஒரு பக்கம் தொங்கியது.

“ஆறு வாரத்துக்கு முன்னே இவா ஒரு புலி” என்றார் இயக்குநர் ஒலிபெருக்கியில். “இன்னைக்குப் பாருங்கோ. கேட்டாலும் பேச மாட்டா. ஒரு குறை கிடையாது. குறை இல்லேன்னு எப்படித் தெரியும்னு சிலர் கேக்கறா. நாங்க குறையைக் கேக்கறதில்லை, நம்பரைக் கேக்கறோம். அதாக்கும் ஓர்மவிஹார்.”

எல்லோரும் கைதட்டினார்கள். போட்டோக்காரர் இடது பக்கமாக வந்தபோது, இயக்குநர் அவர் தோளைத் தொட்டு வலது பக்கத்துக்கு அனுப்பினார். வீக்கம் அவருக்கும் தெரிந்திருந்தது என்று நெல்லையப்பனுக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. அதுவரை அவர்களுக்குத் தெரியவில்லை என்றுதான் அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

சட்டம் போட்ட சான்றிதழைக் கணவர் வாங்கிக்கொண்டார். ‘வலி: 0. நடத்தை மதிப்பெண்: 0.’ கீழே இயக்குநர் கையெழுத்து, முத்திரை.

எழுத்துக் காரியம் வராத மனிதர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு எல்லோரும் வடை தின்னப் போன சமயம், சான்றிதழை டீச்சரின் மடியில் நிறுத்திவைத்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனார். அஞ்சு பார்த்தாள். பார்த்துவிட்டுக் காபித் தட்டோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீலகண்டன் வழியை மறித்தார். “சீட்டு?”

நெல்லையப்பன் மடியைக் காட்டினார். நீலகண்டன் குனிந்து படித்தார். மதிப்பெண் ஐந்துக்குக் கீழே. கையெழுத்து இருந்தது. முத்திரை இருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்ட சீட்டை அவர் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் சட்டம் போடக் கூடாது என்று விதியில் இல்லை. “சரியாணு” என்று வாசலைத் திறந்து ஒரு சல்யூட்டும் அடித்தார்.

கிளினிக்கில் டாக்டர் தாசையன் தனியாக இருந்தார். விளக்கை இறக்கி டீச்சரின் உதட்டில் விரல் வைத்தார். ஆறு வாரத்தில் யாரும் பார்க்காத வாய். மயக்கத்தையெல்லாம் மீறி டீச்சர் கையை ஓங்கி அவர் கன்னத்தில் ஒன்று விட்டாள்.

நெல்லையப்பன் பதறிப்போய், “மன்னிக்கணும் டாக்டர், அவ...” என்றார்.

“இவங்களுக்கு ரொம்ப வலிக்கு” என்றார் தாசையன், தன் கன்னத்தைத் தடவிக்கொண்டே.

 ஆறு வாரமாக ஒரு வாயிலிருந்து அதைக் கேட்கத்தான் நெல்லையப்பன் அலைந்திருந்தார்.

மரப்பு ஊசி போட்டு, சீழை வடித்து, பல்லை எடுத்தார் டாக்டர். முடிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. தாசையன் கை கழுவிக்கொண்டே சொன்னார். “முதல்லயே வந்திருந்தா ஒரு பல்லோட போயிருக்கும். சீழு தாடை எலும்புல எறங்கிட்டு. இப்பமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். எத்தனை நாளாச்சு அண்ணாச்சி?”

“ஆறு வாரம்” என்றார் நெல்லையப்பன்.

அப்போது மணி ஆறு. சட்டைப் பையில் போன் அடித்தது. உமாசங்கர்.

“அப்பா, மெசேஜ் வந்தாச்சு. அம்மாக்கு வலி ஸீரோ, நல்லா சாப்பிட்டு ரூம்ல உறங்குதாங்களாம். அவார்டும் கிடைச்சுதாமே. நீங்க கூடத்தானே இருக்கீங்க?”

“ஆமா மக்கா, கூடத்தான் இருக்கேன். எதுத்தாப்பில பல்லு கிளினிக்ல. அம்மையும் இங்கதான் இருக்கா. எலும்பு வரைக்கும் அழுகியிருக்காம்.”

அந்தப் பக்கம் நாற்காலி பின்னால் உருளும் சத்தம் கேட்டது. பிறகு, “நான் வாறேம்ப்பா” என்ற குரல் மட்டும் வந்தது.

மரப்பில் டீச்சரின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது. வலி விட்ட கண்கள் எப்படி இருக்கும் என்பது நெல்லையப்பனுக்கு மறந்தே போயிருந்தது. அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, “இப்பம் பரவாயில்லையா டீச்சர்?” என்று கேட்டார்.

அவள் அவரைப் பார்த்தாள். யாரென்று தெரிந்ததாகச் சொல்ல முடியாது. கை மட்டும் மெதுவாக எழுந்து, அவர் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை உருவியது. பக்கத்தில் வேறு தாள் எதுவும் இல்லை. நெல்லையப்பன் தன் உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

அவள் அதைப் பிடித்து நேராக்கிக்கொண்டு எழுதினாள். 4/10. அதற்குக் கீழே, சின்னதாக, ‘தாமதம்’.

ஆம்புலன்ஸ் வருகிறவரை நெல்லையப்பன் அந்தக் கையை மூடவில்லை.